தண்ணீரில் பிரசவம்: தொட்டிக்குள் என்ன நடக்கிறது, யாருக்கு அது ஏற்றது

தண்ணீர்த் தொட்டிக்குள் குழந்தை பிறந்ததாக ஒரு செய்தி வெளியாகும்போதெல்லாம், வலியே தெரியாத பிரசவம் இதுதான் என்று ஒரு சாராரும், பிறந்த குழந்தை மூழ்கிவிடாதா என்று மறு சாராரும் பேசத் தொடங்குகிறார்கள். புதுச்சேரியில் பிறந்த நடிகை கல்கி கேக்லான் 2020 பிப்ரவரியில் இம்முறையில் குழந்தை பெற்றபோதும் இதே பேச்சுதான் எழுந்தது. இரு சாராரும் தொட்டியையே பார்க்கிறார்கள். தொட்டிக்குள் எந்த நேரத்தில் இறங்குவது, எந்த நேரத்தில் வெளியே வருவது, அருகில் யார் நிற்கிறார் என்ற மூன்றையும் பொறுத்துத்தான் இம்முறையின் நன்மையும் ஆபத்தும் அமைகின்றன என்பது பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது.

வெந்நீருக்கும் பிரசவ வலிக்கும் உள்ள உறவு நமக்குப் புதிதன்று. இடுப்பு வலி தொடங்கியதும் சீரகக் கஷாயம் கொடுத்து, இடுப்பில் வெந்நீர் ஊற்றி, அடங்கினால் அது சூட்டு வலி, அடங்காமல் வளர்ந்தால் அதுவே பிரசவ வலி என்று முடிவு செய்த பாட்டிமார்கள் நம் வீடுகளில் இருந்தார்கள். ஆனால் அந்த வழக்கத்தில் குழந்தை பிறக்கும் இடம் தண்ணீராக இருந்ததில்லை. இன்றைய மருத்துவ விவாதமும் ஏறத்தாழ இந்த இடத்தில்தான் இரண்டாகப் பிரிகிறது.

ஒரே பெயரில் மூன்று வேறு செயல்கள்

பிரசவத்தை மருத்துவம் மூன்று கட்டங்களாகப் பிரிக்கிறது.

1. முதல் கட்டம்: வலி சீராக வந்து, கருப்பை வாய் சிறிது சிறிதாகத் திறந்து 10 செ.மீ. அளவை எட்டும் வரையிலான நேரம். பல மணி நேரம் நீடிப்பது இதுவே.
2. இரண்டாம் கட்டம்: கருப்பை வாய் முழுவதும் திறந்தபின், தாய் முக்கிக் குழந்தையை வெளியே தள்ளும் நேரம்.
3. மூன்றாம் கட்டம்: குழந்தை பிறந்தபின் நஞ்சுக்கொடி வெளியேறும் நேரம்.

முதல் கட்டத்தில் மட்டும் வெதுவெதுப்பான நீரில் அமர்ந்திருந்துவிட்டு, முக்கும் நேரம் வந்ததும் எழுந்து கட்டிலுக்குச் செல்வது ஒரு செயல். தண்ணீருக்குள்ளேயே குழந்தையைப் பெறுவது இன்னொரு செயல். நஞ்சுக்கொடியும் தண்ணீரிலேயே வெளியேறட்டும் என்று காத்திருப்பது மூன்றாவது. ஊடகங்கள் மூன்றையும் ‘வாட்டர் பர்த்’ என்ற ஒரே சொல்லால் குறிக்கின்றன. முதல் செயலுக்கான சான்றுகள் ஓரளவு திடமானவை, இரண்டாவதைப் பற்றி நாடுகளுக்கிடையே கருத்து வேறுபாடு உண்டு, மூன்றாவதைப் பெரும்பாலான மையங்கள் தவிர்க்கவே விரும்புகின்றன. முதல் செயலில் கண்ட நன்மையை இரண்டாவதன் கணக்கில் எழுதுவதும், இரண்டாவதன் ஆபத்தைக் காட்டி முதலாவதை மறுப்பதும் இந்த ஒற்றைச் சொல்லால் விளைந்த பிழைகள்.

தண்ணீர் வலியைக் குறைக்கும் விதம்

மார்பு அளவு நீரில் அமர்ந்திருக்கும் பெண்ணின் உடல் எடையில் பெரும்பங்கைத் தண்ணீர் தாங்கிக்கொள்கிறது. கட்டிலில் புரண்டு படுக்கவே சிரமப்படும் நிறைமாதக் கர்ப்பிணியால், தண்ணீரில் மண்டியிடவும், குந்தவும், முன்னால் சாய்ந்து தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொள்ளவும் முடிகிறது. வலிக்கு ஏற்ப உடல் தானே நிலையை மாற்றிக்கொள்வது, குழந்தையின் தலை இடுப்பெலும்பின் வழியே திரும்பி இறங்கவும் துணை செய்கிறது. நீரின் வெதுவெதுப்பு தசைகளைத் தளர்த்துகிறது. அச்சம் குறையும்போது அட்ரினலின் சுரப்பு தணிகிறது. அட்ரினலின் மிகுந்தால் கருப்பையைச் சுருங்கச் செய்யும் ஆக்ஸிடோசின் தடைபடும் என்பதால், மனம் அமைதி அடைவதற்கு உடலியல் சார்ந்த பயனும் உண்டு.

ஆயினும் ‘வலியே இல்லாத பிரசவம்’ என்ற விளம்பர வாசகத்தை நம்பித் தொட்டியில் இறங்குபவர் ஏமாற்றமே அடைவார். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2018இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, 3,663 பெண்கள் பங்கேற்ற 15 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. முதல் கட்டத்தைத் தண்ணீரில் கழித்தவர்களிடையே முதுகுத்தண்டில் ஊசி போட்டு வலியை மரக்கச் செய்யும் எபிடூரல் போன்ற முறைகளின் தேவை நூற்றுக்கு 43இலிருந்து 39ஆகக் குறைந்தது. குறைவு உண்மையானது, ஆனால் சிறியது. எபிடூரல் வலியை ஏறக்குறைய நிறுத்துகிறது; தண்ணீர் வலியைத் தாங்கத்தக்கதாக்குகிறது. இந்த இரண்டும் ஒரே தராசில் வைக்கத்தக்கவை அல்ல.

தொட்டியில் இறங்கும் நேரமும் முக்கியம். 1997இல் ஸ்வீடனில் 200 பெண்களிடம் நடந்த ஆய்வில், கருப்பை வாய் 5 செ.மீ. திறப்பதற்கு முன்பே தண்ணீரில் இறங்கியவர்களுக்குப் பிரசவம் நீண்டது; ஆக்ஸிடோசின் மருந்தும் எபிடூரலும் அவர்களுக்கே அதிகம் தேவைப்பட்டன. மிக முன்னதாக இறங்கினால், இன்னும் உறுதிப்படாத வலி மந்தமாகிவிடக்கூடும். உலக சுகாதார நிறுவனமும் 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், முதல் கட்டத்தின் விறுவிறுப்பான பகுதி 5 செ.மீ. திறப்பிலிருந்தே தொடங்குவதாக வரையறுத்திருக்கிறது. வலி வந்ததும் முதல் வேலையாகத் தொட்டியை நிரப்புவது பயனைக் கூட்டாது.

குழந்தை ஏன் தண்ணீரை உள்ளிழுப்பதில்லை, எப்போது இழுக்கும்

பெரும்பாலோரின் அச்சம் இதுதான். அதற்கு நியாயமும் உண்டு. கருவில் இருக்கும் குழந்தையின் நுரையீரல் காற்றால் அல்ல, திரவத்தால் நிறைந்திருக்கிறது. உயிர்வளி தொப்புள்கொடி வழியே வருகிறது. பிரசவம் நெருங்கும்போது நஞ்சுக்கொடியிலிருந்து வரும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள், குழந்தையின் மூச்சசைவுகளை அடக்கி வைக்கிறது. முகத்தில் குளிர்ந்த காற்று படுவது, உடல் தொடப்படுவது, தொப்புள்கொடியின் ஓட்டம் குறைவது ஆகியவை சேர்ந்துதான் முதல் மூச்சைத் தூண்டுகின்றன. உடல் வெப்பத்துக்கு இணையான நீருக்குள் முழுவதும் மூழ்கிய நிலையில் பிறக்கும் குழந்தைக்கு இத்தூண்டல்கள் பெரும்பாலும் கிடைப்பதில்லை. அதனால் நீரின் மேற்பரப்புக்கு வந்த பின்னரே அது மூச்சை இழுக்கிறது.

இவ்வளவும் நலமாக இருக்கும் குழந்தைக்கே பொருந்தும். பிரசவத்தின்போது உயிர்வளி குறைந்து தவித்த குழந்தை, இந்தத் தடைகளையெல்லாம் மீறி, தண்ணீருக்குள்ளேயே வாய் பிளந்து மூச்சிழுக்க முயலும். நுரையீரலுக்குள் தண்ணீர் சென்ற குழந்தைகளைப் பற்றிய தனித்தனி நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. எனவே, இயற்கையான பாதுகாப்பு இருக்கிறது என்ற வாதம் சரி. அந்தப் பாதுகாப்பு எப்போது கைவிடும் என்பதைக் கண்டறிய ஒருவர் அருகிலேயே இருக்க வேண்டும் என்பதும் அதே உடலியலிலிருந்து கிடைக்கும் முடிவு. பிரிட்டனின் நடைமுறையில், முதல் கட்டத்தில் 15 நிமிடங்களுக்கு ஒருமுறையும், இரண்டாம் கட்டத்தில் 5 நிமிடங்களுக்கு ஒருமுறையும் குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்கிறார்கள். தண்ணீருக்குள் வைத்துக் கேட்கத்தக்க டாப்ளர் கருவி இதற்கென்றே உள்ளது.

இந்த உடலியலிலிருந்து சில கண்டிப்பான விதிகள் பிறக்கின்றன. குழந்தையின் தலை ஒருமுறை காற்றைத் தொட்டுவிட்டால் அதை மறுபடி தண்ணீருக்குள் விடக் கூடாது. தாய் பாதியில் எழுந்துவிட்டால் மீதிப் பிரசவம் வெளியில்தான் நடக்க வேண்டும். தொப்புள்கொடியை நீருக்குள் வைத்து வெட்டக் கூடாது. குழந்தையைத் தாமதமின்றி மேலே கொண்டுவர வேண்டும், ஆனால் வெடுக்கென்று இழுக்கக் கூடாது. கொடி குட்டையாக இருந்தால் அறுந்துவிடும்.

நீரின் வெப்பமும் இதே கணக்கில் சேரும். வயிற்றுக்குள் இருக்கும் குழந்தையின் வெப்பநிலை எப்போதும் தாயினுடையதைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். தாயின் உடல் சூடேறினால் குழந்தை அதைவிடச் சூடேறும், அதன் உயிர்வளித் தேவையும் கூடும். ஆகவே நீரின் வெப்பம் 37.5 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது என்றும், நீரின் வெப்பத்தையும் தாயின் உடல் வெப்பத்தையும் மணிக்கு ஒருமுறை அளக்க வேண்டும் என்றும் பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு வரையறுத்திருக்கிறது. ‘கை பொறுக்கும் சூடு’ என்ற நம் வீட்டு அளவை இங்கே போதாது. எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் வெந்நீர் இந்த வரம்பை எளிதாகத் தாண்டிவிடும்.

ஒரு சிற்றூர் மருத்துவமனையிலிருந்து

1805இல் பிரான்சில் வெளியான ஒரு மருத்துவக் குறிப்பு, நெடுநேரம் பிரசவம் முன்னேறாமல் களைத்துப்போன ஒரு பெண்ணை வெந்நீர்த் தொட்டியில் இறக்கியதும் குழந்தை பிறந்ததைப் பதிவு செய்கிறது. 1960களிலிருந்து சோவியத் நாட்டில் இகோர் சார்கோவ்ஸ்கி என்பவர் தண்ணீரில் பிறக்கும் குழந்தைகள் கூடுதல் ஆற்றலோடு வளர்வார்கள் என்று கூறிவந்தார். அதற்கு ஆதாரம் கிடையாது. இம்முறையை மருத்துவமனைக்குள் கொண்டுவந்தவர் பிரான்சின் பித்திவியே என்ற சிற்றூரின் மருத்துவமனையில் பணியாற்றிய மிஷல் ஓதான். தம் மருத்துவமனையில் தண்ணீருக்குள் நிகழ்ந்த 100 பிரசவங்களைப் பற்றி 1983இல் லான்செட் மருத்துவ ஏட்டில் அவர் எழுதினார். அவர் தொட்டியை வைத்தது வலியைத் தணிக்கத்தான். சில பெண்கள் வெளியே வர மனமின்றி அங்கேயே பெற்றெடுத்தார்கள். முறையைப் பரப்பியவரின் நோக்கமும் முதல் கட்டத்தையே மையமாகக் கொண்டிருந்தது என்பது இன்றைய பரப்புரைகளில் அரிதாகவே சொல்லப்படுகிறது.

1992இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் சுகாதாரக் குழு, இயன்ற இடங்களிலெல்லாம் மருத்துவமனைகள் பிரசவத் தொட்டி வசதியை அளிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதன்பின் அங்கு இது அரசு மருத்துவமனைகளிலேயே கிடைக்கும் வழக்கமான தேர்வாகிவிட்டது.

பிரிட்டன் ஏற்கிறது, அமெரிக்கா தயங்குகிறது: ஏன்

மகப்பேறு மருத்துவர்களின் தொழில்சார் அமைப்பான அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரி 2014இல் வெளியிட்ட கருத்துரையில், தண்ணீருக்குள் குழந்தை பெறுவது முறையான ஆய்வின் ஒரு பகுதியாக மட்டுமே நடக்க வேண்டும் என்றது. 2016 நவம்பரில் திருத்தி வெளியிட்டபோது சற்றுத் தணிந்தது. சிக்கலற்ற கர்ப்பம் உடைய, 37 வாரம் நிறைந்து 42 வாரம் எட்டாத பெண்களுக்கு முதல் கட்டத்தில் தண்ணீரை அளிக்கலாம், ஆனால் குழந்தை பிறப்பது தண்ணீருக்கு வெளியேதான் நடக்க வேண்டும் என்பது அதன் இப்போதைய பரிந்துரை. தண்ணீரில் பெறுவது தீங்கு என்று அது நிரூபிக்கவில்லை. போதிய தரவு இல்லை என்றே கூறியது.

தரவு சேர்ப்பதே இங்கு கடினம். பிரசவம் சுமுகமாக நடக்கும் பெண்தான் கடைசி வரை தொட்டியில் இருப்பார். சிக்கல் தொடங்கியவரை உடனே வெளியே கொண்டுவந்துவிடுவார்கள். பிறகு தொட்டியில் பெற்றவர்களையும் வெளியே பெற்றவர்களையும் ஒப்பிட்டால், தண்ணீர் பெரும் நன்மை செய்ததுபோல் தோன்றும். சோதனையில் தோற்றவர்களை வெளியேற்றிவிட்டுத் தேர்ச்சி விகிதம் கணக்கிடும் பள்ளியின் கணக்கைப் போன்றது இது. தண்ணீர்ப் பிரசவத்தைப் புகழும் சிறு ஆய்வுகள் பலவற்றை இந்தக் கண்ணோட்டத்துடனேயே படிக்க வேண்டும்.

இந்தக் குறையை இயன்றவரை களைய முயன்றது, பிரிட்டனில் ‘பூல்’ என்ற பெயரில் நடந்து 2024இல் முடிவு வெளியான பெரிய ஆய்வு. தொட்டியைப் பயன்படுத்தியவர்களில், கர்ப்பத்திலும் பிரசவத்திலும் ஆபத்துக் கூறுகள் ஏதும் இல்லாத எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களை அது ஒப்பிட்டது. ஆசனவாய்த் தசை வரை கிழிவது என்ற கடுமையான காயம், முதல் பிரசவக்காரர்களிடையே தண்ணீரில் பெற்றவர்களுக்கு 4.8 விழுக்காடு, வெளியே பெற்றவர்களுக்கு 5.3 விழுக்காடு. குழந்தைகளுக்கு ஏற்பட்ட கடும் பாதிப்புகளும் தண்ணீரில் கூடவில்லை. தண்ணீரில் பெற்றால் தையலே தேவைப்படாது என்ற நம்பிக்கையையும், கட்டாயம் தீங்கு நேரும் என்ற அச்சத்தையும் இந்த எண்கள் ஒருசேர மறுக்கின்றன. தொப்புள்கொடி அறுபடுவது மட்டும் தண்ணீரில் 1.0 விழுக்காடாகவும், வெளியே 0.3 விழுக்காடாகவும் இருந்தது. அரிதானதுதான்; ஆயினும் உடனே கொடியைக் கிடுக்கியால் அடைக்கத் தெரிந்த கை அருகில் இல்லாவிட்டால், குழந்தை சில நிமிடங்களில் ஆபத்தான அளவு இரத்தத்தை இழக்கும்.

யாருக்கு உகந்ததன்று

மையத்துக்கு மையம் விதிகள் சற்று மாறினாலும், பின்வருவோருக்குப் பொதுவாகத் தொட்டி பரிந்துரைக்கப்படுவதில்லை.

1. 37 வாரத்துக்கு முன் வலி கண்டவர்கள், இரட்டைக் குழந்தை சுமப்பவர்கள், குழந்தை தலைகீழாகத் திரும்பாமல் இருப்பவர்கள்.
2. இரத்த அழுத்தம், இன்சுலின் தேவைப்படும் நீரிழிவு, வலிப்பு நோய், காய்ச்சல், இரத்தப்போக்கு ஆகியவற்றில் ஏதேனும் உள்ளவர்கள்.
3. எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி அல்லது சி, பிறப்புறுப்பில் ஹெர்பிஸ் கொப்புளம் உள்ளவர்கள்.
4. பனிக்குட நீரில் குழந்தையின் மலம் கலந்திருப்பவர்கள், குழந்தையின் இதயத் துடிப்பைத் தொடர்ந்து பதிவு செய்ய வேண்டிய நிலையில் இருப்பவர்கள்.
5. எபிடூரல் போட்டுக்கொண்டவர்கள், பெதடின் போன்ற மயக்கம் தரும் வலிமருந்து எடுத்து 2 மணி நேரம் ஆகாதவர்கள் அல்லது தூக்கக் கலக்கத்தில் இருப்பவர்கள்.
6. முன்பு சிசேரியன் ஆனவர்கள். கருப்பையின் பழைய தையல் பிரியும் அபாயம் இருப்பதால் துடிப்பைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும். கம்பியில்லாக் கண்காணிப்புக் கருவி உள்ள சில மையங்கள் இவர்களை ஏற்பதுண்டு.

தகுதி பெற்றவர்களும் இடையில் தகுதி இழக்கலாம். தொட்டிக்குள் இருக்கும்போதே காய்ச்சல் கண்டாலோ, இதயத் துடிப்பு மாறினாலோ, குழந்தையின் தோள் சிக்கிக்கொண்டாலோ உடனே எழ வேண்டும். தண்ணீரிலேயே பெற்றெடுப்பேன் என்று முன்கூட்டியே உறுதி பூண்டு செல்பவருக்கு இந்த நேரத்தில் எழுவது தோல்வியாகத் தோன்றிவிடுகிறது. அந்தத் தயக்கத்தில் கழியும் நிமிடங்கள் விலைமதிப்புள்ளவை.

தமிழ்நாட்டில் வைத்துப் பார்த்தால்

பிரிட்டனின் எண்களை அப்படியே இங்கே பெயர்த்து வைக்க முடியாது. முதலாவது காரணம் இரத்தசோகை. 2019–21 தேசிய குடும்பநல ஆய்வின்படி இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 விழுக்காட்டினர் இரத்தசோகை உள்ளவர்கள். பிரசவத்துக்குப் பின் வெளியேறும் இரத்தத்தைக் கட்டிலில் விரிப்பைப் பார்த்து மதிப்பிடலாம். தொட்டி நீரில் கலந்துவிட்டால் அரை லிட்டரும் ஒரு லிட்டரும் கண்ணுக்கு ஒன்றுபோலவே சிவக்கும். நல்ல இரத்த அளவு உள்ள பெண் தாங்கக்கூடிய இழப்பு, ஹீமோகுளோபின் 8இல் இருப்பவரைச் சாய்த்துவிடும். எனவே, இங்கு தண்ணீரில் குழந்தை பெற முடிவெடுத்தாலும், பிறந்த கையோடு தாயை வெளியே கொண்டுவந்து, இரத்தப்போக்கைத் தடுக்கும் ஆக்ஸிடோசின் ஊசியைப் போட்டு, நஞ்சுக்கொடியைக் கட்டிலில் வைத்து எடுப்பதே அறிவுடைமை.

இரண்டாவது காரணம் சிசேரியன். அதே ஆய்வு தமிழ்நாட்டின் சிசேரியன் விகிதத்தை 44.9 விழுக்காடு என்று காட்டுகிறது. நாட்டின் சராசரி 21.5. முதல் குழந்தை சிசேரியனில் பிறந்த பெண், இரண்டாவது முறை தண்ணீரில் பெற விரும்பினாலும் மேலே சொன்ன ஆறாவது காரணம் குறுக்கே நிற்கும். தண்ணீர்ப் பிரசவத்தைப் பற்றிய ஆர்வம் பலருக்கு முதல் சிசேரியனின் கசப்பிலிருந்தே பிறக்கிறது என்பதால், இந்த முரண் அவர்களுக்கு முன்னதாகவே சொல்லப்பட வேண்டியது.

மூன்றாவது, ஆள் பற்றாக்குறை. பிரிட்டனில் தொட்டியருகே நிற்பவர் மருத்துவர் அல்லர். இதற்கெனப் பயின்ற மிட்வைஃப். தொட்டியில் இருக்கும் பெண்ணை அவர் தனியே விடுவதில்லை. இந்தியாவில் செவிலியர்களுக்கு 18 மாத மிட்வைஃப் பயிற்சி அளிக்கும் திட்டத்துக்கான வழிகாட்டுதலை மத்திய அரசு 2018இல்தான் வெளியிட்டது. ஒரே செவிலியர் பல கட்டில்களைக் கவனிக்கும் பிரசவ அறையில் தொட்டி மட்டும் புதிதாக வந்து சேர்ந்தால், அது ஆபத்தையே கூட்டும். இந்தியாவில் இவ்வசதி இன்று பெருநகரங்களின் சில தனியார் மையங்களோடு நின்றுவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நான்காவது, தண்ணீரே. வெதுவெதுப்பாகத் தேங்கிய நீர் லெஜியோனெல்லா என்ற நுண்ணுயிர்க்கு ஏற்ற இடம். 2014இல் அமெரிக்காவின் டெக்சாஸில், தொட்டியில் பிறந்த ஒரு குழந்தை இதனால் ஏற்பட்ட நுரையீரல் தொற்றில் இறந்தது. 2016இல் அரிசோனாவில் இரண்டு குழந்தைகள் நோயுற்றுப் பிழைத்தன. நீரைச் சூடாக்கிச் சுழற்றும் மோட்டார் பொருத்திய தொட்டிகளை முன்னதாகவே நிரப்பி வைப்பதற்கு எதிராக இங்கிலாந்தும் 2014இல் எச்சரிக்கை விடுத்தது. மாடித் தொட்டியில் நாட்கணக்கில் தேங்கும் நீரும், கழுவப்படாத கீசரும் உள்ள நம் கட்டடங்களில் இந்த ஆபத்தைத் தொலைதூரச் செய்தியாகக் கருத இடமில்லை.

இவற்றோடு ஒரு குழப்பத்தையும் தீர்க்க வேண்டியுள்ளது. 2018 ஜூலையில் திருப்பூரில், காணொளிகளைப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்க்க முயன்றதில் ஒரு பெண் இரத்தப்போக்கால் உயிரிழந்தார். அது தண்ணீர்ப் பிரசவம் அன்று. ஆனால் ‘இயற்கைப் பிரசவம்’ என்ற ஒரே தலைப்பின்கீழ் இரண்டும் பேசப்படுகின்றன. மேலே கண்ட ஆய்வு முடிவுகள் அனைத்தும் பயிற்சி பெற்றவர் உடனிருக்க, மேல்சிகிச்சைக்கு மாற்றும் ஏற்பாட்டோடு நடந்த பிரசவங்களைப் பற்றியவை. காற்றடைத்த தொட்டியை இணையத்தில் வாங்கி வீட்டு முற்றத்தில் நிரப்புவதற்கு அவற்றில் எந்த ஆதாரமும் இல்லை.

மையத்திடம் கேட்க வேண்டியவை

தகுதி உள்ளவர்கள், ஏழாம் எட்டாம் மாதத்திலேயே, தொட்டியின் அழகைப் பார்ப்பதற்கு முன் பின்வருவனவற்றைக் கேட்டுத் தெளிவது நல்லது.

1. நான் தொட்டியில் இருக்கும் நேரம் முழுவதும் ஒருவர் என்னுடனேயே இருப்பாரா? இரவு இரண்டு மணிக்கும் இருப்பாரா?
2. தண்ணீருக்குள் பயன்படுத்தத்தக்க டாப்ளர் கருவி உள்ளதா?
3. நான் மயங்கிவிட்டால் என்னை எவ்வாறு தூக்குவீர்கள்? அந்தப் பயிற்சியைக் கடைசியாக எப்போது செய்தீர்கள்?
4. அறுவை அரங்கும், மயக்க மருத்துவரும், இரத்தமும், பச்சிளங்குழந்தைப் பிரிவும் இதே கட்டடத்தில் உள்ளனவா?
5. இங்கே தொட்டியில் இறங்கியவர்களில் எத்தனை பேர் இடையில் வெளியே வந்தார்கள்?
6. தொட்டிக்கு நீர் எங்கிருந்து வருகிறது, எப்போது நிரப்புகிறீர்கள், ஒருவருக்கும் அடுத்தவருக்கும் இடையே எவ்வாறு சுத்தம் செய்கிறீர்கள்?

ஐந்தாவது கேள்விக்கு ‘யாரும் வெளியே வந்ததில்லை’ என்ற பதில் கிடைத்தால், அங்கே பார்த்த பிரசவங்கள் மிகக் குறைவு, அல்லது வெளியே கொண்டுவர வேண்டியவர்களைக் கொண்டுவரவில்லை என்றே பொருள் கொள்ள வேண்டும். மூன்றாவது கேள்விக்குத் தெளிவான விடை இல்லாத இடத்தில், முதல் கட்டத்துக்குக்கூடத் தொட்டியைத் தவிர்க்கலாம்.

தொட்டியே இல்லாத மருத்துவமனையில் பிரசவிக்கப்போகும் பெரும்பாலோருக்கும் ஒரு வழி உண்டு. வலி வலுத்தபின், உடனிருப்பவரின் துணையோடு குளியலறையில் நாற்காலியில் அமர்ந்து, கீழ் இடுப்பில் வெதுவெதுப்பான நீரைப் பூத்தூவலால் (ஷவர்) விழச் செய்யலாமா என்று மருத்துவரிடம் கேட்கலாம். எடையைத் தாங்கும் பயன் அதில் கிடைக்காது. வெதுவெதுப்பின் பயன் கிடைக்கும். குழந்தையின் மூச்சு, நீரில் கலந்து மறையும் இரத்தம், அறுந்துபோகும் கொடி ஆகிய கவலைகள் அங்கே எழுவதில்லை. சூட்டின் அளவும் வழுக்காத தரையும் மட்டும் கவனிக்கப்பட வேண்டும்.